அலைக்குளத்தில் நான் அடித்த மனிதர்

ஒரு மனிதரை ரத்தம் வரும்வரை நான் அடித்தது என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான். கம்பெனியில் எல்லோரும் சேர்ந்து ஒரு நாளைச் சந்தோஷமாகக் கழித்துவிட்டு வரலாம் என்று போன இடத்தில் அது நடந்தது.

பெருமாநல்லூர் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் நான் தையல் லைன் சூப்பர்வைசர். சொந்த ஊர் விளாத்திகுளத்துக்குத் தெற்கே. கல்யாணமான கையோடு மனைவியை அழைத்துக்கொண்டு இங்கே வந்தவன். என் லைனிலேயே அவளும் ஓவர்லாக் மிஷினில் தைக்கிறாள். வேலை நேரத்தில் அவளுக்கென்று தனிச் சலுகை எதுவும் கிடையாது. துணி தேங்கி நின்றால் மற்றவர்களிடம் கத்துவது போலவே அவளிடமும் கத்துவேன். கத்தாமல் வேலை நடக்காது என்று அப்போது உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த மாதம் கொஞ்சம் அதிகமாகவே கத்தினேன். வெளிநாட்டுக்குப் போக வேண்டிய குழந்தைகள் டீ-ஷர்ட், கழுத்துப்பட்டி இழுபடுகிறது என்று இன்ஸ்பெக்ஷனில் மொத்தமாகத் திரும்பிவிட்டது. அத்தனையையும் பிரித்துத் திரும்பத் தைத்தோம். மானேஜர் என்னைப் பிடித்து உலுக்கினார், நான் லைனைப் பிடித்து உலுக்கினேன். கடைசிப் பெட்டி வண்டி ஏறிய அன்று முதலாளி கீழே இறங்கி வந்தார். ஊரில் இன்னும் தென்னந்தோப்பு வைத்திருக்கிற மனிதர், பேச்சு எப்போதும் மெதுவாகத்தான் வரும்.

"எல்லாருமே நல்லா ஒழைச்சுட்டீங்க கண்ணுகளா. வர்ற ஞாயித்துக்கெழம பஸ் போட்டுத் தாறேன். குடும்பத்தோட போயித் தண்ணியில ஆடிட்டு வாங்க" என்றார்.

மூன்று பஸ். கோயம்புத்தூர் போகிற வழியில் ஒரு தண்ணீர்ப் பூங்கா. முதல் இரண்டு பஸ்களில் நாங்கள் ஏறினோம், மூன்றாவதில் வடக்கேயிருந்து வந்து வேலை செய்பவர்கள் ஏறினார்கள். அப்படி ஏறச் சொல்லி யாரும் சொல்லவில்லை. சாப்பாட்டு ஹாலில் எப்படித் தானாகவே பிரிந்து உட்கார்வோமோ அப்படித்தான்.

வாசலிலேயே ஒரு வேடிக்கை. பருத்தித் துணி போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கக் கூடாதாம். நைலான் உடைதான் வேண்டும், இல்லாதவர்கள் அங்கேயே வாடகைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். வருஷம் முழுக்கப் பருத்தி பனியன் தைக்கிற கூட்டம் வரிசையில் நின்று நைலான் வாங்கிக்கொண்டது. ஆண்களுக்கெல்லாம் ஒரே நீலத்தில் சட்டையும் அரைக்கால் டிரவுசரும். போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது எங்களுக்கே எங்களை அடையாளம் தெரியவில்லை, ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம்.

என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்குக் கொடுத்த மேல்சட்டையில் தோள்பக்கத் தையல் விட்டிருந்தது. விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது ஒரு இழுப்புக்குத் தாங்காது. நான் கரையிலயே இருக்கேன், நீங்க போங்க" என்றாள்.

"இவ்வளவு தூரம் வந்துட்டு கரையில உக்காரவா வந்தோம்? வா புள்ள" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

அலைக்குளம்தான் அங்கே பெரியது. கரை என்று தனியாக எதுவும் இல்லை, கடற்கரை மாதிரி தரை அப்படியே சரிந்து தண்ணீருக்குள் போகும். கணுக்காலில் தொடங்கி முழங்கால், இடுப்பு, கடைசியில் நெஞ்சு. எதிர்ச் சுவருக்குப் பின்னால் மிஷின் இருந்தது. சங்கு ஊதும், கொஞ்ச நேரத்தில் சுவரடியிலிருந்து தண்ணீர் எழும்பிக்கொண்டு வரும். எல்லோரும் கத்துவார்கள்.

பார்க்க அழகாகத்தான் இருந்தது. கால் வைத்த பிறகுதான் தெரிந்தது. தரையில் நீலப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். பெயிண்ட் நின்ற இடம் பாசி பிடித்து வழுக்கியது. உரிந்த இடத்தில் சிமெண்ட்டுக்குள்ளிருந்து சிறு கற்கள் பல் பல்லாகத் துருத்திக்கொண்டிருந்தன. புதிதாகக் கொத்திய அம்மிமேல் வெறுங்காலோடு நிற்பது போல இருந்தது. வழுக்கும் இடத்தில் கால் போகும், உரிந்த இடத்தில் விழுவோம். அலை அடித்துவிட்டுத் திரும்பும்போது காலுக்கடியில் இருக்கிற தண்ணீரெல்லாம் ஆழத்தை நோக்கி ஓடும். விழுந்தவரை அது தரையோடு தேய்த்து இழுத்துக்கொண்டு போகும்.

காலையில் முதல் பத்து நிமிஷத்திலேயே என் முழங்கைத் தோல் போயிற்று. செக்கிங்கில் வேலை செய்கிற ஒரு பெண்ணுக்குக் கால் பெருவிரல் நகம் பாதி பெயர்ந்து தொங்கியது. குழந்தைகளின் முட்டியெல்லாம் சிவந்திருந்தது. காயத்தில் குளோரின் மருந்து கலந்த தண்ணீர் பட்டு மிளகாய் தேய்த்தது போல எரிந்தது. உயரமான நாற்காலியில் விசிலோடு உட்கார்ந்திருந்த காவலாளியிடம் போய்க் கேட்டேன்.

"அது அப்படித்தானுங்க இருக்கும். வழுக்கி உழுந்தறக் கூடாதுன்னு வேணும்னே சொரசொரப்பா உட்ருக்காங்க. காலத் தூக்கித் தூக்கி வெச்சு நடங்க" என்றான்.

"காலத் தூக்குனா அலை ஆளையே தூக்குதேய்யா" என்றேன்.

"அதுக்கு நானென்னங்க பண்றது?" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் விசில் ஊதினான். என் கையிலிருந்து ரத்தம் ஒழுகிக்கொண்டிருப்பதைப் பார்க்காதவன் போல அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டதில் எனக்குச் சுருக்கென்று ஏறியது. அந்தக் கோபத்தோடுதான் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனேன், அதே கோபத்தோடுதான் திரும்பவும் தண்ணீருக்கு வந்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு கூட்டம் இரண்டு மடங்காகியிருந்தது. வேறு கம்பெனிப் பஸ்களும் வந்துவிட்டன. என் மனைவி முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டாள்.

"இன்னும் கொஞ்சம் உள்ள வா. இங்க நின்னாதான் அலை முறிஞ்சு ஆளைத் தள்ளும். இடுப்பளவுல நின்னா தூக்கி விட்டுட்டுப் போயிரும்" என்று பெரிய விவரம் தெரிந்தவன் போலச் சொன்னேன்.

வந்தாள். என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். "நீங்க தள்ளிப் போயிராதீங்க" என்று இரண்டு தடவை சொன்னாள்.

எங்கள் லைன் ஆட்கள் நாலைந்து பேர் நெஞ்சளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டார்கள். "அண்ணே, இங்க வாங்கண்ணே, பயந்துட்டீங்களா?" என்று ஒருவன் கேலி பேசினான். மனைவியின் கையை விட்டுவிட்டு முன்னால் போனேன். அதிகம் போனால் பதினைந்து அடி இருக்கும்.

சங்கு ஊதியது. முதல் அலை என்னைத் தூக்கி இறக்கியது. இரண்டாவது வந்தது, மூன்றாவது வந்தது. மூன்றாவது அலை முகத்தில் அடித்து மூக்குக்குள் தண்ணீர் ஏறி நான் இருமிக்கொண்டிருந்தபோதுதான் அந்த அலறலைக் கேட்டேன். அத்தனை கூச்சலுக்கு நடுவிலும் அது அவள் குரல் என்று தெரிந்தது.

திரும்பினேன். நான் பார்த்தது இதுதான். ஒரு ஆள் என் மனைவியைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தான். அவன் கைகள் அவள் மார்புக்குக் குறுக்கே இருந்தன. அவள் சட்டை தோளிலிருந்து கிழிந்து தொங்கியது. தலைமுடி முகத்தில் ஒட்டியிருக்க, வாயைத் திறந்து அலறிக்கொண்டிருந்தாள். தோளில் ரத்தம்.

அந்தப் பதினைந்து அடியை எப்படிக் கடந்தேன் என்று நினைவில்லை. முதல் குத்து அவன் காதோரத்தில் விழுந்தது. அவன் கையை விட்டான். என்னைப் பார்த்து ஏதோ சொன்னான், இந்தியில் சொன்னான். அந்த மொழியைக் கேட்டதும் இரண்டாவது குத்து வாயில் விழுந்தது. என் விரல் முட்டியில் அவன் பல் இடித்தது எனக்குத் தெரிந்தது.

"அக்கா மேல கை வெச்சுட்டான்டா!" என்று பின்னால் யாரோ கத்தினார்கள். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. எங்கள் லைன் ஆட்கள் வந்தார்கள், யாரென்றே தெரியாத வேறு கம்பெனி ஆட்களும் வந்தார்கள். நடுவில் ஒரு அலை வந்து எல்லோரையும் சாய்த்தது. எழுந்து மறுபடியும் அடித்தோம். அவன் தண்ணீருக்குள் முங்கினால் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி அடித்தோம். அவன் திருப்பி அடிக்கவில்லை. தலையை மூடிக்கொள்ளத்தான் பார்த்தான். மூடிய கையைப் பிடித்து விலக்கி அடித்தோம்.

உண்மையைச் சொல்வதென்றால் அந்த நேரத்தில் எனக்கு நன்றாக இருந்தது. ஒரு மாதமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது எல்லாம் கை வழியாக வெளியே போவது போல இருந்தது. இதை இன்றுவரை என் மனைவியிடம் சொன்னதில்லை.

ஆழம் குறைந்த பக்கமாக அவனை இழுத்துக்கொண்டு வந்தோம். காலைப் பிடித்து இரண்டு பேர் இழுத்தார்கள், முடியைப் பிடித்து நான் இழுத்தேன். கணுக்கால் தண்ணீருக்கு வந்ததும் குப்புற விழுந்தான். பெயிண்ட் முழுக்க உரிந்த இடம் அது. அவன் பின்னந்தலையை அழுத்திப் பிடித்து முகத்தை அந்தத் தரையில் தேய்த்தேன். ஒரு முறை அல்ல. தண்ணீர் சிவப்பாகக் கலங்கி விலகியது, அடுத்த அலையின் நுரை வந்து அதைக் கழுவிவிட்டுப் போனது.

என் மனைவி கத்திக்கொண்டே இருந்தாள். அவள் கத்தக் கத்த எனக்கு வேகம் கூடியது. அவளுக்காகத்தான் அடிக்கிறேன் என்று இருந்தது. "விடுங்க, விடுங்க" என்று கத்தினாள் என்பதோ, "அவரு தூக்கித்தான் விட்டாரு" என்று கத்தினாள் என்பதோ என் காதில் ஏறவே இல்லை.

கடைசியில் அவள் வந்து அவன் மேல் விழுந்தாள். இரண்டு கைகளாலும் அவன் தலையை மூடிக்கொண்டு குப்புறப் படுத்துக்கொண்டாள். நான் ஓங்கிய கை ஓங்கியதுதான். நிறுத்த முடியவில்லை. அவள் இடது காதில் விழுந்தது.

அந்தச் சத்தம் எனக்கு இன்னும் தெரியும். தண்ணீரில் பலகையைப் போட்டது போல ஒரு சத்தம். அதற்குப் பிறகு ஒருவரும் அடிக்கவில்லை. விசில் கேட்டது. மிஷினை நிறுத்தினார்கள். அலை அடங்கி, குளம் முழுக்க ஆட்கள் அப்படியே நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவியின் முதுகை அப்போதுதான் பார்த்தேன். கிழிந்த சட்டைக்குள் தோள்பட்டையிலிருந்து இடுப்புவரை தோல் உராய்ந்து வழண்டு, பொடிப் பொடியாக ரத்தம் துளிர்த்திருந்தது. மனிதக் கை செய்த காயம் இல்லை அது. என் முழங்கையில் இருந்ததும் அதே மாதிரிக் காயம்தான்.

எங்கள் மூன்று பேரையும் முதலுதவி அறைக்குக் கொண்டுபோனார்கள். ஒரு பெண் பஞ்சும் மருந்தும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் மனைவியின் முதுகைப் பார்த்ததும், "ஏனுங்க, அலைக்குளத்துல உழுந்தீங்களா? காலையில இருந்து எனக்கு இதே வேலைதானுங்க" என்றார்.

என் மனைவி ஆமாம் என்று தலையாட்டினாள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். இடையில் நிறுத்தவில்லை.

"மூணாவது அலையில கால் வழுக்கி மல்லாக்க விழுந்தேன். தண்ணி உள்ள இழுத்துட்டுப் போச்சு, முதுகெல்லாம் தரையில தேயுது. சட்டை அதுல மாட்டித்தான் கிழிஞ்சுது. எந்திரிக்க முடியல, மேல ஆளுங்க மிதிக்காங்க. ரெண்டு வாய் தண்ணி குடிச்சிட்டேன். இவருதான் கைய விட்டுத் தூக்குனாரு. தூக்கும்போது வழண்ட இடத்துல அவர் சட்டை உரசுச்சு, உயிர் போற வலி. அதான் கத்துனேன்." பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்க வந்து கேக்கவே இல்லையே."

நான் அடித்தவர் மூலையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வலது கன்னத்தில் தோல் என்பதே இல்லை. புருவம் பிளந்திருந்தது. முன்பல் ஒன்று காணோம். முகத்திலிருந்து தண்ணீரையும் ரத்தத்தையும் துடைத்த பிறகுதான் அவர் யார் என்று எனக்குத் தெரிந்தது. எங்கள் கம்பெனியில் அயர்ன் டேபிளில் நிற்பவர். என் லைன் முடிகிற இடத்திலிருந்து முப்பது அடியில் தினமும் நின்று நாங்கள் தைத்த துணிக்கு இஸ்திரி போடுகிறவர். இரண்டு வருஷமாகப் பார்க்கிறேன். "பையா, சீக்கிரம்" என்று வடக்கத்தி ஆட்கள் எல்லோரையும் கூப்பிடுவது போலக் கூப்பிட்டதைத் தவிர அவரிடம் ஒரு வார்த்தை பேசியது இல்லை.

வீங்கிய வாயோடு அவர் சொன்னார். "அக்கா தண்ணி உள்ள போச்சு. நான் தூக்கினேன். வேற ஒண்ணும் இல்ல."

மானேஜர் ஓடி வந்தார். பூங்காக்காரர்களும் வந்தார்கள். போலீசுக்குச் சொல்ல வேண்டுமா என்று பெஞ்சில் இருந்தவரிடமே கேட்டார்கள். கேட்ட விதத்திலேயே வேண்டாம் என்று சொல்ல வைத்துவிட்டார்கள். "போலீஸ் வேண்டாம், போலீஸ் வேண்டாம்" என்று அவர் அவசரமாகக் கையை ஆட்டினார். அடிபட்டவர் போலீசுக்குப் பயந்தார், அடித்த எனக்கு அந்தப் பயம் வரவே இல்லை.

அப்போது அவர் மனைவி வந்தாள். அவளும் எங்கள் கம்பெனிதான், துணியில் பிசிறு நூல் வெட்டுகிற பிரிவு. குழந்தைகள் குளத்தில் ஐந்து வயது மகளோடு இருந்தவளிடம் யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். வாசலில் நின்று புருஷன் முகத்தைப் பார்த்தாள். அழவில்லை. மகள்தான் பார்த்துவிட்டு வீறிட்டு அவள் இடுப்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அந்தப் பெண் அங்கிருந்தவர்களையெல்லாம் ஒவ்வொருவராகப் பார்த்தாள். என் விரல் முட்டியில் பல் பட்ட வெட்டைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து வைத்துக்கொண்டாள்.

அவரை ஆஸ்பத்திரிக்கு மானேஜர் காரில் அழைத்துப் போனார். நாங்கள் பஸ்ஸில் திரும்பினோம். என் மனைவி என் பக்கத்தில் உட்காரவில்லை. முன்னால் போய் அந்த நகம் பெயர்ந்த பெண்ணோடு உட்கார்ந்தாள். பின் சீட்டில் என்னைச் சுற்றி என்னோடு சேர்ந்து அடித்தவர்கள்.

"விடுங்கண்ணே. கை எங்க இருந்துச்சுன்னு நாங்களும் பாத்தோம்ல" என்றான் ஒருவன்.

"தூக்குறவன் அப்படியா தூக்குவான்?" என்றான் இன்னொருவன்.

அவர்கள் சொல்வதை நம்ப எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்பது நன்றாக நினைவிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அவள் காதில் கையை வைத்துக்கொண்டு, "இந்தப் பக்கம் நீங்க பேசுனா கேக்கல" என்றாள். மறுநாள் டாக்டரிடம் போனோம். காது ஜவ்வில் ஓட்டை, தானாக ஆறிவிடும், நாளாகும் என்றார். எப்படி அடிபட்டது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், "இவுகதான் அடிச்சாக" என்றாள். டாக்டர் நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுத ஆரம்பித்தார்.

திரும்பி வருகிற வழியில் சொன்னாள். "என்னைக் காயப்படுத்துனது அந்தத் தரையும் நீங்களும். காப்பாத்துனவரு ஆஸ்பத்திரியில கெடக்காரு. கம்பெனியில என்ன பேசிக்கிடுவாக தெரியுமா? ஒரு இந்திக்காரன் என் மேல கை வெச்சான்னு பேசிக்கிடுவாக. அந்தப் பேரு எனக்கும் வேண்டாம், அவருக்கும் வேண்டாம். நீங்கதான் சொல்லணும்."

சரி என்றேன். எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே இரண்டு நாளைக் கடத்தினேன்.

மூன்றாம் நாள் காலையில் லைன் ஓடிக்கொண்டிருந்தது. நான் குனிந்து ஒரு தையலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகில் பளீரென்று விழுந்தது. திரும்பினால் அடிபட்டவரின் மனைவி. கையில் செருப்பு. இரண்டாவது அடி கன்னத்தில். மூன்றாவது வாயில். இந்தியில் ஏதேதோ சொல்லி அடித்தாள். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை, எல்லாமே புரிந்தது. மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

எங்கள் ஆட்கள் எழுந்து வந்துவிட்டார்கள். ஒருவன் அவள் கையைப் பிடித்து முறுக்கினான். இன்னொருவன் கத்தரியைக் கையில் வைத்தபடியே வந்தான். அந்தப் பக்கம் அயர்ன் டேபிளிலிருந்து வடக்கத்தி ஆட்கள் ஏழெட்டுப் பேர் வந்து நின்றார்கள். ஒருவர் கையில் இஸ்திரிப் பெட்டி. குளத்தில் நடந்தது அப்படியே இங்கேயும் நடக்கப் போகிறது என்று எனக்குத் தெரிந்தது. இங்கே தண்ணீர் இல்லை, கத்தரி இருந்தது.

"யாரும் கிட்ட வராதீங்க!" என்று கத்தினேன். அவள் கையை முறுக்கியவனைப் பிடித்துத் தள்ளினேன். "அவுக அடிக்கட்டும். அடிச்சது நான். ஒரு தப்பும் பண்ணாத மனுசன நான் அடிச்சேன். விடுங்க."

என் மனைவி அதற்குள் வந்து அந்தப் பெண்ணைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் அந்தப் பெண் அழுதாள்.

மானேஜர் இறங்கி வந்து, "என்னங்க இது? கம்பெனிக்குள்ள வந்து சூப்பர்வைசரச் செருப்புல அடிக்கறதா? அந்தப் புள்ளயக் கணக்கு முடிச்சு அனுப்பீருங்க" என்றார்.

"அவுகள அனுப்புனா நாங்க மிஷின்ல உக்கார மாட்டோம்" என்றாள் என் மனைவி. நாங்கள் என்று யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை. சொன்ன பிறகு அந்த நகம் பெயர்ந்த பெண் வந்து பக்கத்தில் நின்றாள். பிறகு ஓவர்லாக்கில் எல்லாப் பெண்களும் எழுந்து நின்றார்கள். மானேஜர் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டுப் போய்விட்டார்.

அன்று மத்தியானம் சாப்பாட்டு ஹாலில் பெஞ்சின் மேல் ஏறி நின்று எல்லோருக்கும் சொன்னேன். என் மனைவி தண்ணீரில் மூழ்கியதை, அவர் தூக்கிவிட்டதை, நான் அவர் முகத்தைத் தரையில் தேய்த்ததை, எதையும் விடாமல் சொன்னேன். வடக்கத்தி ஆட்களில் தமிழ் தெரிந்த ஒருவர் மற்றவர்களுக்கு மொழிபெயர்த்தார். தட்டுச் சத்தம் பழையபடி தொடங்கியது. என்னோடு சேர்ந்து அடித்தவர்கள் அதற்குப் பிறகு என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. உனக்காகத்தானே அடித்தோம் என்று அவர்களுக்கு மனக்குறை.

மூன்று வாரம் கழித்து அவர் வேலைக்கு வந்தார். கன்னத்தில் புதுத் தோல் ரோஜா நிறத்தில் இருந்தது. அயர்ன் டேபிளில் நீராவி முகத்தில் அடிக்கும். அன்று அரை மணி நேரம் நின்றார். பிறகு கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டு தள்ளி நின்றதை என் இடத்திலிருந்து பார்த்தேன். பேக்கிங்குக்கு மாற்றினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் குடியிருந்த, வரிசையாகக் கட்டிய லைன் வீட்டுக்குப் போனேன். பழமும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு போனேன். கதவு திறந்திருந்தது. அவர் தரையில் உட்கார்ந்து மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மகள் எழுந்து கட்டிலுக்கடியில் ஓடிவிட்டது. அடியிலிருந்து அழுகிற சத்தம் மட்டும் வந்தது.

அவர் வாசலுக்கு வந்து பின்னால் கதவைச் சாத்திக்கொண்டார்.

"மன்னிச்சிருங்க" என்றேன். இந்தியில் அதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டு வைத்திருந்ததையும் சொன்னேன்.

"சரி அண்ணா" என்றார். சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "இங்க வராதீங்க. பாப்பா பயப்படுது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதற்கு மேல் அங்கே நிற்க எனக்கு ஒன்றுமில்லை. பையை வாசலில் வைத்துவிட்டு வந்தேன். அதை எடுத்துக்கொண்டார்களா என்று தெரியாது.

இரண்டு மாதத்தில் அவர்கள் மங்கலம் பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். என் மனைவியின் காது ஆறிவிட்டது, நன்றாகவே கேட்கிறது. ஆனால் வீட்டில் நான் பரணில் இருந்து எதையாவது எடுக்கக் கையைத் தூக்கினால் அவள் தலை தானாக ஒரு பக்கம் சாய்கிறது. அவளுக்கே அது தெரிவதில்லை. நான் இப்போதெல்லாம் எதையாவது எடுக்க வேண்டுமென்றால் அவள் அந்தப் பக்கம் போகிறவரை காத்திருக்கிறேன். லைனில் கத்துவதையும் விட்டுவிட்டேன். கத்தாமலும் துணி நகர்கிறது, கொஞ்சம் மெதுவாக.

போன தை மாதம் ஒரு கல்யாணத்துக்காக மங்கலம் போனோம். பஸ் நிறுத்தத்தில் அவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கன்னத்தில் ஒரு உள்ளங்கை அளவுக்கு நிறம் மட்டும் வெளுத்து நின்றுவிட்டது. எங்களைப் பார்த்ததும் மகளை எனக்கு எட்டாத பக்கமாக மாற்றி நிறுத்திக்கொண்டார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

என் மனைவி கிட்டே போனாள்.

"நல்லா இருக்கீங்களா அக்கா?" என்று அவர் கேட்டார். முன்பல் புதிதாகக் கட்டியிருந்தார். தமிழ் முன்பைவிட நன்றாக வந்தது.

"நல்லா இருக்கேன். ஒங்க வீட்டுல எப்படி இருக்காக?"

"நல்லா இருக்கு. அதுவும் இங்கதான் வேலை. பாப்பா ஸ்கூல் போகுது."

என் மனைவி குனிந்து அந்தக் குழந்தையிடம் பெயர் கேட்டாள். அது சொல்லிற்று. எந்த வகுப்பு என்று கேட்டாள், ஒரு விரலைக் காட்டிற்று. பஸ் வந்தது. குழந்தையை முதலில் ஏற்றிவிட்டு அவர் படியில் நின்றபடி என் மனைவிக்குக் கையை ஆட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, நன்றாகத்தான் இருக்கிறேன் என்பது போல ஒரு முறை தலையை மட்டும் அசைத்தார். நானும் அசைத்தேன். பஸ் கிளம்பிவிட்டது.